இசை கேள்வி பதில்: ரெண்டு கையாலயும் தட்டி வாசிக்கிற கிட்டார்

டாப்பிங்னாலே (கம்பியை மீட்டாம, கழுத்து மேல விரலால தட்டியே வாசிக்கறது) ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன்தான், அவர்தான் கண்டுபிடிச்சாருன்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான். சரியா சார்? – ஈரோடு வாசகர்

1978ல வான் ஹேலன் முதல் ஆல்பம் வந்தப்புறம்தான் கிட்டார் பசங்க எல்லாரும் இதைப் பண்ண ஆரம்பிச்சாங்க, அந்த அளவுக்கு உங்க ஃப்ரெண்டு சொல்றது சரி. ஆனா கண்டுபிடிச்சது அவர் இல்ல. அமெரிக்காவுல ஜிம்மி வெப்ஸ்டர் 1952லயே இதுக்குன்னு ஒரு பாடப்புத்தகம் போட்டுட்டாரு. இத்தாலில விட்டோரியோ கமார்தேசேன்னு ஒரு டாக்டர் 1965ல டிவில தட்டி வாசிச்ச வீடியோ இருக்கு, தேடிப் பாருங்க, அசந்துடுவீங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல எம்மெட் சாப்மன் 1969 ஆகஸ்ட்ல இன்னொரு வழி பிடிச்சாரு, ரெண்டு கையும் கிட்டார் கழுத்துக்கு எதிரெதிர் பக்கத்துலேர்ந்து வரும், விரல் எல்லாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கம்பி) இணையா நிக்கும், அதுக்காகவே தனியா ஒரு வாத்தியம் செஞ்சு 1974லேர்ந்து விக்க ஆரம்பிச்சாரு, அதுதான் சாப்மன் ஸ்டிக். சாதா கிட்டார்லயே பியானோ மாதிரி ரெண்டு கைக்கும் ரெண்டு வேலை குடுத்து வாசிச்சு காட்டினவர் ஸ்டான்லி ஜோர்டன், 1985ல ப்ளூ நோட்ங்கற ஜாஸ் ரெக்கார்ட் கம்பெனில அவர் ஆல்பம் வந்துச்சு. வான் ஹேலன் பண்ணதுல ரெண்டு கையும் சேர்ந்து ஒரே வரியை வேகமா வாசிக்கும், சாப்மன், ஜோர்டன் வழில ஒவ்வொரு கையும் தனித்தனி குரல். கீழ வர்ற கேள்வி எல்லாம் இந்த ரெண்டாவது வழியைப் பத்திதான்.

தட்டும்போது சுருதி வருது, ஆனா விரலை எடுத்ததும் மத்த கம்பி எல்லாம் ஙொய்னு சத்தம் போடுது. கிட்டார்ல கோளாறா? – வேலூர் வாசகர்

கிட்டார்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்க ஒரு ஃப்ரெட்ல தட்டினா கம்பி ரெண்டு துண்டாகுது, பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கற காந்தம்) பக்கம் இருக்கற துண்டு நமக்கு வேணும், நட் (கழுத்தோட தலைப் பக்கம் கம்பி உக்கார்ற பட்டை) பக்கம் இருக்கற துண்டும் கூடவே அதிரும், விரலை எடுத்தா முழு கம்பியும் பேசும். முதல் ஃப்ரெட்கிட்ட தலைமுடிக்கு போடற துணி பேண்டை சுத்திக் கட்டுங்க, பாதி பிரச்சனை அங்கயே போயிடும். ஓபன் கம்பி (எங்கயும் அழுத்தாத கம்பி) சத்தம் கிடைக்காது, இந்த மாதிரி பீஸுக்கு அது தேவைப்படறதும் இல்ல. கம்பி 9 கேஜ்ங்கற மெல்லிய செட் போதும், 12ஆவது ஃப்ரெட்ல கம்பியோட உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு கிட்ட இருக்கட்டும். உயரம் ஜாஸ்தியா இருந்தா ஓங்கி அடிக்கத்தான் தோணும், அப்படியே பழகிடுவீங்க.

சொந்தமா ஒரு பீஸ் போடணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? வலது கைல மெலடி வந்தா இடது கை நின்னுடுது. – கோவை வாசகர்

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. பெரும்பாலும் எல்லாரும் முதல்ல மெலடி போடறாங்க, அப்புறம் அதுக்கு கீழ பேஸ் ஒட்டப் பாக்கறாங்க, அப்ப ஒட்டவே ஒட்டாது. நீங்க இடது கைலேர்ந்து ஆரம்பிங்க. தடிப்பான மூணு கம்பி இடதுக்கு, மெல்லிய மூணு வலதுக்குன்னு முதல்லயே பங்கு பிரிச்சுடுங்க, ஏன்னா ஒரே கம்பில ரெண்டு கையும் உக்காந்தா மேல் ஃப்ரெட்ல இருக்கறது மட்டும்தான் கேக்கும், இன்னொரு குரல் செத்துடும். இடது கைக்கு நாலஞ்சு சுரத்துல ஒரு சின்ன சுழற்சி, அதுல கட்டாயம் ஒரு இடைவெளி இருக்கணும். அதை வாசிச்சுக்கிட்டே வீட்ல யாரோடயாவது பேச முடியுதா பாருங்க, பேச முடியற வரைக்கும் வலது கையை கொண்டு வராதீங்க. எனக்கு ஒரு சுழற்சிக்கு மூணு வாரம் ஆச்சு. அப்புறம் வலது கையை அந்த இடைவெளில பேச விடுங்க, இடது பேசும்போது வலது நீட்டி நிக்கட்டும். கொஞ்சம் பழகினதும் இடதுக்கு 6 எண்ணிக்கை, வலதுக்கு 4 எண்ணிக்கைன்னு வெச்சுப் பாருங்க, 12ல ரெண்டும் வந்து சேரும்போது வர்ற சுகம் வேற எதுலயும் இல்ல.

ட்யூனிங்கும் யோசிங்க. ஸ்டான்லி ஜோர்டன் மேல் ரெண்டு கம்பியையும் அரை சுரம் ஏத்தி E A D G C Fனு எல்லாத்தையும் ஒரே இடைவெளில வெச்சுக்குவாரு, அதனால ஒரு கார்டு வடிவம் கத்துக்கிட்டா எந்த கம்பி செட்லயும் அதே வடிவம்தான். பழகின கார்டு எல்லாம் மாறிப் போகும், அது நஷ்டம்தான், ஆனா இசை எழுதறவங்களுக்கு லாபம் பெருசுன்னு நான் நினைக்கிறேன்.

ராகத்தை இப்படி வாசிக்க முடியுமா? கமகம் வருமா? – கும்பகோணம் வாசகி

தட்டின விரலை எடுக்காம அடுத்த ஃப்ரெட்டுக்கு இழுக்கலாம், கம்பியை பக்கவாட்டுல தள்ளலாம், அந்த அளவுக்கு வரும். ஆனா தோடி மாதிரி காந்தாரமே அசைவுலதான் உயிரா இருக்கற ராகத்தை எடுத்தா ஏமாந்துடுவீங்க. ஹம்சத்வனி, மோகனம் எடுங்க. இடது கைல சா, பா மட்டும் போதும், நான் சொன்ன ட்யூனிங்ல பா எப்பவும் அடுத்த கம்பில ரெண்டு ஃப்ரெட் தள்ளி. அதுக்கு மேல கார்டு அடுக்காதீங்க, ராகத்தோட முகம் மறைஞ்சு போயிடும்.

ரெக்கார்ட் பண்ணும்போது ரெண்டு கையையும் தனித்தனியா எடுத்து சேத்துக்கலாமா? ஆம்ப் இல்ல, கிட்டாரை கம்ப்யூட்டரோட இணைக்கற ஒரு சின்ன இன்டர்ஃபேஸ்தான் இருக்கு. – திருநெல்வேலி வாசகர்

தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. நானும் ஒருதடவை தனித்தனியா எடுத்து ஒட்டினேன், ஒவ்வொரு சுரமும் சுத்தமா இருந்துச்சு, ஆனா ரெண்டு பேர் ரெண்டு ரூம்ல உக்காந்து வாசிச்ச மாதிரி கேட்டுச்சு. ஒரு கை கொஞ்சம் முந்தினா இன்னொரு கை அதுக்கு விட்டுக்குடுக்கும் பாருங்க, அந்த சின்ன இழுபறிதான் இந்த வாசிப்போட அழகு, ஒட்டினா அது வராது. முழு பீஸும் ஒரே டேக்ல வரலையா, எட்டு பார் எடுங்க, மௌனம் வர்ற இடத்துல வெட்டுங்க, ஆனா எடுக்கறது ரெண்டு கையும் சேர்ந்துதான் இருக்கணும்.

ஆம்ப் இல்லாதது ஒரு குறையே இல்ல. இன்டர்ஃபேஸ்ல கிட்டார் இன்புட்னு இருக்கற ஹை-இசட் ஓட்டைல நேரா சொருகுங்க, 24 பிட், ரொம்ப ஓங்கி தட்டினாலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கட்டும். பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளா எடுத்துக்குதுங்கற அளவு) 128க்கு இறக்குங்க, 48,000 சாம்பிள்ல அது ஒரு பக்கத்துக்கு 3 மில்லி செகண்ட் கூட வராது, 1024ல வெச்சா 21 ஆகும், தட்டறதுக்கும் கேக்கறதுக்கும் நடுவுல விரல் தடுமாறும். கம்ப்ரஸர் (ஓங்கின சத்தத்தை அமுக்கறது) 4க்கு 1, அட்டாக் (அது அமுக்க ஆரம்பிக்க எடுத்துக்கற நேரம்) 20 மில்லி செகண்ட் கிட்ட, அப்பதான் தட்டோட முனை மழுங்காம வரும். ரொம்ப அமுக்கினா விரல் உரசற சத்தம் எல்லாம் மேல வந்துடும், கவனம். அதே டிராக்கை காப்பி எடுத்து, ஒண்ணுல 300 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டி எஃபெக்ட் இல்லாம நடுவுல வைங்க, இன்னொண்ணுல அதுக்கு கீழ வெட்டி ரிவெர்ப் (எதிரொலி மாதிரி எஃபெக்ட்) போடுங்க. பேஸோட மேல் ஓசை கொஞ்சம் இந்தப் பக்கமும் கசியும், பரவால்ல, பேஸ் குழம்பாம இருக்கும், மெலடிக்கு காத்து கிடைக்கும்.

ரெண்டு மணி நேரம் தட்டினா முன்கை வலிக்குது சார். – மதுரை வாசகர்

வலிச்சா உடனே நிறுத்துங்க தம்பி. 20 நிமிஷம் வாசிச்சு 10 நிமிஷம் விடுங்க. விரல் அடிமூட்டுலேர்ந்து விழுந்தா போதும், மணிக்கட்டு மடங்கவே கூடாது, பெல்ட்டை குட்டையாக்கி கிட்டாரை நெஞ்சுக்கு கிட்ட ஏத்திக்குங்க. ஒரு வாரம் ஓய்வு குடுத்தும் போகலன்னா ஃபிசியோகிட்ட காட்டிடுங்க.