ஹெபடைடிஸ் வைரஸ்களும் தடுப்பூசிகளும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

உயிரியல் ஆசிரியர்: மேடம், ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து சொல்கிறார்கள். ஐந்தும் ஒரே வைரஸின் வகைகளா?

இல்லை சார். கல்லீரலைத் தாக்குவது ஒன்றுதான் பொது. மற்றபடி ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. ஏ, இ இரண்டும் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வரும். பி, சி, டி மூன்றும் ரத்தம் வழியாக. பி உடலுறவிலும் பிரசவத்திலும் எளிதாகத் தொற்றும். அதனால்தான் ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுப்பதில்லை. இதில் டி மட்டும் விதிவிலக்கு. அது பி வைரஸின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் பரவுகிறது, ஆகவே பி தடுப்பூசி போட்டவருக்கு டி-யும் வராது.

நுண்ணுயிரியல் மாணவி: முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே எடுத்தார்கள் என்று படித்தேன். நிஜமா அக்கா?

நிஜம்தான் மா. அமெரிக்க விஞ்ஞானி பாரூக் புளூம்பெர்க் ரத்தப் புரதங்கள் மனிதருக்கு மனிதர் எப்படி மாறுகின்றன என்று தேடிக்கொண்டிருந்தவர். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவரின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு வினைபுரிந்தது. வினையைத் தூண்டிய அந்தப் பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்து 1965-இல் வெளியிட்டார்கள். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொற்று உள்ளவரின் சீரத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், 22 நானோமீட்டர் அளவில் குட்டி உருண்டைகளும் குச்சிகளும் மொய்த்துக் கிடக்கும். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, 42 நானோமீட்டரில் இரட்டை வளையம் போட்ட பெரிய உருண்டை தெரியும். அந்தப் பெரியதுதான் முழு வைரஸ். குட்டி உருண்டைகள் உள்ளே மரபணு இல்லாத வெறும் உறைகள். நோய் தராது, ஆனால் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும். அவற்றைப் பிரித்தெடுத்தாலே தடுப்பூசி!

அமெரிக்கத் தடுப்பூசி விஞ்ஞானி மாரிஸ் ஹில்மன் குழு அதைத்தான் செய்தது. தப்பித்தவறி ஒரு வைரஸ்கூட உயிரோடு இருந்துவிடக் கூடாது என்று பெப்சின், யூரியா, ஃபார்மலின் என மூன்று கட்டமாகச் சுத்திகரித்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எய்ட்ஸ் பயம் பரவிய காலம் என்பதால் ரத்தத்தில் செய்த ஊசி என்றாலே மக்கள் தயங்கினார்கள். 1986-இல் அதே புரதத்தின் மரபணுவை ஈஸ்ட் செல்லுக்குள் வைத்துத் தயாரித்த ஊசி வந்தது. மரபணுத் தொழில்நுட்பத்தில் மனிதர்களுக்காக உருவான முதல் தடுப்பூசி அதுதான்.

அப்பா ஆகப்போகிறவர்: என் மனைவிக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். ஏழாம் மாதம். குழந்தைக்கு வந்துவிடுமா?

தம்பி, பயத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். இப்போதே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மனைவியின் ரத்தத்தில் வைரஸ் அளவு எவ்வளவு என்று டெஸ்ட் எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். பிரசவம் நடக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், தடுப்பூசியின் முதல் டோஸும் கூடவே இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம்) ஊசியும் போட வேண்டும். மீதி டோஸ்களைத் தள்ளிப்போடக் கூடாது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெரியவருக்குத் தொற்றினால் நூறில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நாள்பட்டதாக மாறும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் நூறில் தொண்ணூறு பேருக்கு மாறும்; பின்னாளில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். தைவான் 1984-இல் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போடத் தொடங்கியது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் கண்கூடாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசியால் புற்றுநோயைக் குறைக்கலாம் என்று உலகம் முதலில் கண்டது அங்கேதான்.

செவிலியர்: எனக்கு ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸ் முடிந்தது. பூஸ்டர் வேண்டுமா?

கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பாருங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும், பின்னால் குறைந்தாலும் உடல் மறக்காது. ஏறவே இல்லை என்றால் மூன்று டோஸும் திரும்பப் போட வேண்டும்.

மருந்தாளுநர்: ஹெபடைடிஸ் சி-க்கு நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. தடுப்பூசி மட்டும் ஏன் வரவில்லை?

என்னை ரொம்ப வருத்தும் கேள்வி இது. வைரஸை அடையாளம் கண்டது 1989-இல். ஆல்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020-இல் பரிசு. இடையில் மருந்து வந்துவிட்டது: 2013-இல் சோஃபோஸ்புவிர், அதன்பின் வந்த கூட்டு மாத்திரைகள். எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்தில் நூறில் 95 பேருக்கு மேல் முழுக் குணம்.

தடுப்பூசி என்று வந்தால் வைரஸ் பிடி கொடுப்பதில்லை. தன் மரபுப்பொருளான ஆர்என்ஏ-வைப் பிரதி எடுக்கும்போது பிழை திருத்திக்கொள்ளாது, அதனால் ஒரே நோயாளியின் உடலுக்குள்ளேயே பல உருவங்களில் திரியும். ஆன்டிபாடி ஒன்றைப் பிடிப்பதற்குள் மேலுறை மாறியிருக்கும். சோதித்துப் பார்க்கவும் வழி குறைவு. மனிதரைத் தவிர சிம்பன்ஸிக்குத்தான் இது சரியாகத் தொற்றும். ஆய்வுக்கூடச் செல்லில் இதை முழுமையாக வளர்க்க முடிந்ததே 2005-இல்தான். டி செல்களை (T cells, தொற்றிய செல்களை அழிக்கும் எதிர்ப்பு செல்கள்; ஹெபடைடிஸ் டி-யோடு தொடர்பில்லை) தூண்டும் ஓர் ஊசியை, போதை ஊசி பயன்படுத்துவோரிடம் சோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: டி செல்கள் உருவாயின, நாள்பட்ட தொற்று குறையவில்லை.

மாத்திரை இருக்கும்போது ஊசி எதற்கு என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. குணமானவருக்கு மறுபடி தொற்றும். அப்புறம், தொற்று இருப்பதே தெரியாதவர் எந்த மாத்திரையைச் சாப்பிடுவார்?

அதே மருந்தாளுநர்: அப்படியென்றால் பி-யையும் மாத்திரையால் முழுக்கத் துடைக்கலாமே?

இப்போதைக்கு முடியாது. பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டிஎன்ஏ-வை மூடிய வளையமாக வைத்துவிடுகிறது. மாத்திரை புது வைரஸ் உருவாவதைத் தடுக்கும், அந்த வளையத்தைத் தொடாது. அதனால்தான் பலருக்கு வருடக்கணக்கில் மாத்திரை ஓடுகிறது. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் வைரஸ் திடீரென்று கிளம்பிக் கல்லீரலைச் சேதப்படுத்தும். தயவுசெய்து உங்களிடம் மாத்திரை வாங்க வருபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.