ஒரு செமஸ்டர், நான்கு நாடுகள்: எங்கே போவது?

கேள்வி: பொருளியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கப்போகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் பரிமாற்றத் திட்டத்தில் வரும் ஜூலைக்குப் பிறகு ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கலாம். ஜெர்மனி, நெதர்லாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கூட்டுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் தவிர அந்த நாட்டு மொழிகள் எதுவும் தெரியாது. நான்குக்குமே எனக்கு விசா வேண்டும். இங்கே அடுத்த செமஸ்டர் ஜனவரி இரண்டாம் வாரம் தொடங்கிவிடும். ஆளுக்கொரு நாட்டைச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஜனவரி இரண்டாம் வாரம். ஆளுக்கொரு நாட்டைச் சொன்னவர்களில் ஒருவராவது காலண்டரைப் பார்த்திருந்தால் பட்டியல் எப்போதோ சுருங்கியிருக்கும்.

ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் குளிர்காலச் செமஸ்டர் ஏட்டுக்கணக்கில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை ஓடும்; தேர்வுகள் அதையொட்டியும் அதற்குப் பிறகும். ஜனவரியில் கிளம்பிவிட்டால் வகுப்பில் உட்கார்ந்ததுதான் மிச்சம், கையில் கிரெடிட் (பாடத்தை முடித்தால் ஏறும் படிப்புப் புள்ளி) இருக்காது. போதாததற்கு அங்கே இளங்கலைப் பாடங்களில் பெரும்பகுதி ஜெர்மன் மொழியில்தான். ஆங்கில வழிப் பாடங்கள் முதுகலையில்தான் அதிகம். உங்களுக்கு ஜெர்மனி இப்போது வேண்டாம்.

ஜப்பானிலும் இதே சிக்கல். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நீங்கள் போகும் இலையுதிர்காலப் பருவம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தொடங்கி, தேர்வு முடிய ஜனவரி இறுதியோ பிப்ரவரியோ ஆகிவிடும். மூன்று வாரம் தாமதமாக வந்து சேர உங்கள் துறை எழுத்தில் அனுமதி தந்தால் மட்டும் யோசியுங்கள். 'பார்த்துக்கலாம்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நெதர்லாந்தில் முதல் செமஸ்டர் செப்டம்பர் முதல் ஜனவரி இறுதி வரை. ஆனால் இதில் ஒரு சந்து இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் செமஸ்டரை 8 வாரம், 8 வாரம், 4 வாரம் என்று மூன்று துண்டாக வெட்டி நடத்துகிறது. முதல் இரண்டு துண்டுகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே தேர்வோடு முடிந்துவிடும். மூன்றாவதை விட்டால் 30 கிரெடிட்டில் ஏறத்தாழ 24தான் கிடைக்கும். அது உங்களுக்குப் போதுமா, 30க்குக் குறைவாக எடுக்க அங்கே விடுவார்களா என்ற இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் கூட்டுப் பல்கலைக்கழகம் வேறு டச்சு நகரத்தில் இருந்தால் இந்த வெட்டு அங்கே இப்படி இருக்காது. அதன் கல்விக் காலண்டரைத் தனியாகப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் இரண்டாம் செமஸ்டர் பெரும்பாலும் ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ தொடங்கி நவம்பரில் தேர்வோடு முடிகிறது. காலண்டர் மட்டில் அச்சு அசலாகப் பொருந்துவது இது ஒன்றுதான்.

அடுத்தது கிரெடிட். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். மணி நேரத்தை ஒப்பிடுங்கள். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணி நேரம். ஜப்பானில் 45 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் நான்கு பாடம் எடுத்தால் முழுச் சுமை. ஆனால் ஒரு பாடத்துக்குச் சிட்னி பல்கலைக்கழகத்தில் 6 என்று போடுவார்கள், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 12.5 என்று போடுவார்கள். சுமை ஏறக்குறைய ஒன்றே. இது தெரியாத ஒரு குமாஸ்தா மேசையில் உங்கள் மதிப்பெண் பட்டியல் போய் உட்கார்ந்தால், 24 என்பது 24ஆகவோ 50 என்பது 50ஆகவோ ஏறும், அல்லது ஒன்றுமே ஏறாது. மாற்று விகிதத்தைப் போவதற்கு முன்பே கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் அப்படியே வருமா, வெறும் 'தேர்ச்சி' என்று வருமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

எகனோமெட்ரிக்ஸ் (புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத்தை அளக்கும் பாடம்) உங்களுக்குக் கட்டாயப் பாடமாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பாடக் கையேட்டில் அதைத் திறந்து, தலைப்பைப் படித்தவுடன் மகிழ்ந்துவிடாமல் கீழே போங்கள். எந்தச் செமஸ்டரில் நடக்கிறது என்ற வரி வரும். 'செமஸ்டர் 1 மட்டும்' என்றிருந்தால் நீங்கள் போகும்போது அது கிடையாது. எந்த வளாகம் என்ற வரியையும் பாருங்கள், வளாகங்கள் அருகருகே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பிறகு முன்தேவைப் பாடம், அதாவது இதில் சேரும் முன்பே முடித்திருக்க வேண்டிய பாடம். அவர்கள் கேட்கும் புள்ளியியல் பாடத்தை நீங்கள் வேறு பெயரில் படித்திருப்பீர்கள். அதன் சிலபஸை ஆங்கிலத்தில், வாரவாரியான தலைப்புகளோடு அனுப்பினால்தான் பெயர் வேறானாலும் பாடம் ஒன்றே என்று அங்கே ஒப்புக்கொள்வார்கள். ஒவ்வொரு கட்டாயப் பாடத்துக்கும் இரண்டு மாற்றுப் பாடங்களை வைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்குங்கள். போன பிறகு நேர அட்டவணை மோதும். பாடம் மாற்றினால் அன்றே துறைக்கு எழுதிப் புது ஒப்புதல் வாங்காவிட்டால், திரும்பி வந்ததும் அரியர் காத்திருக்கும்.

விசாவில் ஒரே ஒரு கேள்வி: யார் விண்ணப்பிக்க வேண்டும்? நெதர்லாந்தில் உங்களுக்காகப் பல்கலைக்கழகம் விண்ணப்பிக்கும். நீங்கள் தனியாகப் போட முடியாது. அதனால் அரசின் கெடுவைவிடப் பல்கலைக்கழகத்தின் உள்கெடுதான் முக்கியம். வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே தங்கள் கணக்கில் கட்டச் சொல்லி, வந்த பிறகு திருப்பித் தருவது அங்கே பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். ஆஸ்திரேலியாவில் படிப்பு மூன்று மாதத்தைத் தாண்டுவதால் மாணவர் விசா. சேர்க்கை உறுதிச் சான்று வந்த பிறகு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், விசா காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீட்டைச் சேர்த்து. பரிமாற்றத்தில் படிப்புக் கட்டணம் அங்கே கட்ட வேண்டியதில்லை என்றாலும் இந்தச் செலவுகள் போவதற்கு முன்பே கையைக் கடிக்கும்.

பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த வரவைப் பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். நான்கு மாதத்தில் வேலை தேடிக் கிடைப்பதற்குள் தேர்வு வந்துவிடும். நெதர்லாந்தில் உங்களை வேலைக்கு வைக்கிறவர் தனி அனுமதி வாங்க வேண்டியிருப்பதால் பலர் அந்த வம்பே வேண்டாம் என்பார்கள்.

தங்குமிடம் நெதர்லாந்தின் பெரிய தலைவலி. 'அறை உறுதியாகாமல் வராதீர்கள்' என்று அங்குள்ள சில பல்கலைக்கழகங்களே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கின்றன. பரிமாற்ற மாணவர்களுக்கென ஒதுக்கிய விடுதி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் விண்ணப்பம் திறந்த அன்றே போடுங்கள். நேரில் பார்க்காத அறைக்கு, யாரோ ஒருவர் அனுப்பிய கணக்கு எண்ணுக்கு அட்வான்ஸ் அனுப்பவே கூடாது.

ஆகவே என் வரிசை: ஆஸ்திரேலியா முதலில், கட்டாயப் பாடங்கள் இரண்டாவது செமஸ்டரில் நடந்தால். நடக்காவிட்டால் ஆம்ஸ்டர்டாம், விடுதி இடம் கிடைத்தால். இரண்டுமே உதைத்தால் ஜப்பான், துறையின் எழுத்து அனுமதியோடு. உங்களை அங்கே முன்மொழியும் நாமினேஷனை உங்கள் பல்கலைக்கழகம்தான் அனுப்ப வேண்டும் என்பதால் இந்த வரிசையோடு சர்வதேச உறவு அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். தேர்வு அட்டவணை செமஸ்டர் பாதியில்தான் வெளியாகும்.