வாசகர் கேள்வி: சுவரில் ஏறும் ஓதம்

கேள்வி: கும்பகோணத்தில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருக்கிறது. இருமுறை சிமென்ட் பூசியும் உப்புப் பூத்து உதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: மூன்றாம் முறையும் சிமென்ட் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைப் பூச்சின் வழியே வெளிவிட்டு உலரக்கூடியது; சிமென்ட் அந்த வழியை அடைப்பதால் ஈரம் மேலும் ஏறி, அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளி உதிர்க்கிறது.

பூச்சைத் தொடுமுன் வெளியே பாருங்கள். சாலையை மேன்மேலும் உயர்த்தியதால் தெரு உங்கள் திண்ணையை எட்டிவிட்டதா? (பழைய தெருக்களில் பாதி நோய்க்கு இதுவே மூலம்.) சுவரை ஒட்டிய மண், உள்தரையைவிட 15 செ.மீ.யாவது தாழ்ந்து, மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டத்துடன் சுவரைவிட்டு விலகிச் சரிய வேண்டும். முற்றத்துத் தூம்பில் நான்கு வாளி நீர் ஊற்றி, அது முழுவதும் வெளியேறுகிறதா என்று கவனியுங்கள். உடைந்த குழாய் அத்தனையையும் அடித்தளத்துக்கே ஊட்டிக்கொண்டிருக்கலாம்.

இவற்றைச் சரிசெய்த பின் சிமென்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம்.