லோகோ வரைய கம்பனி எதற்கு?

கேள்வி: ஒட்டுசுட்டானைச் சேர்ந்த நான் வவுனியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். விடுதியில் இருந்தபடி வெளிநாட்டுக் கடைகளுக்கு லோகோ வரைந்து கொடுக்கிறேன். கம்பனி பதியாவிட்டால் பிடிப்பார்கள் என்று சொல்லி ஒரு தரகர் 45,000 ரூபா கேட்கிறார். உழைப்புப் பணத்தையும் கனடாவிலுள்ள தன் உறவினரின் பேபால் கணக்கிற்கு அனுப்புவிக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். தனியாளாக வரைந்து கொடுப்பதற்குக் கம்பனி தேவையில்லை.

1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம், தன் உண்மையான முழுப்பெயரில், அதனோடு எதையும் சேர்க்காமல், தொழில் செய்பவரைப் பதியச் சொல்லவில்லை. இதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள்: முழுப்பெயருக்குப் பின்னால் ‘டிசைன்ஸ்’ என்ற ஒரேயொரு சொல்லைச் சேர்த்தாலும், முகநூல் பக்கத்திற்கு வேறொரு பெயரை வைத்து அதில் தொழில் செய்தாலும், அது வியாபாரப் பெயராகிவிடும், பதியத்தான் வேண்டும். அதையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் நீங்களே செய்யலாம். அங்கே தொழில் நடக்கும் இடத்தின் காணி உறுதியைக் கேட்பார்கள். வன்னியில் எத்தனையோ குடும்பங்களிடம் இருப்பது காணி உறுதியல்ல, அரச காணி அனுமதிப்பத்திரம். தொழில் நடப்பதோ மடிக்கணினியில். இதைக்கூட எண்ணிப் பாராத படிவத்தோடு பிள்ளைகளை அலைக்கழிப்பதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். பெற்றோரின் அனுமதிப்பத்திரப் பிரதியையும் சம்மதக் கடிதத்தையும் கொண்டுபோய் விளக்குங்கள்.

சென்ற மாதம் ஒரு மாணவர் தரகர் நிரப்பிய படிவத்தைக் காட்டினார். தொழிலின் தன்மை ‘ஏற்றுமதி இறக்குமதி’ என்றும், தொலைபேசி இலக்கமாகத் தரகரின் சொந்த இலக்கமும் எழுதப்பட்டிருந்தன. கையொப்பம் மட்டும் மாணவருடையது.

அந்தப் பேபால் ஏற்பாடு இதைவிட ஆபத்தானது. இலங்கைக் கணக்கில் பேபால் வழியாகப் பணம் பெற முடியாது என்பது உண்மைதான். அதற்காக இன்னொருவர் கணக்கில் போட்டால், அது உங்கள் உழைப்பு என்பதற்கு உங்களிடம் சான்று இருக்காது. பேயோனியர் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகவோ நேரடி வங்கிப் பரிமாற்றமாகவோ உங்கள் பெயரிலுள்ள கணக்கிற்கே எடுங்கள். ‘கொமிசன் தருகிறேன், உன் கணக்கைக் கொஞ்சம் தா’ என்று எவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அப்படி வரும் பணம் மோசடிப் பணமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுவது கணக்குக்குரிய நீங்கள்தான்.

வரி அடையாள இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இலவசமாகப் பெறலாம். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்திற்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்திற்கு வரியில்லை. ஆனாலும் ஒவ்வொரு வேலைக்கும் விலைச்சிட்டை எழுதி, வங்கிச் சீட்டோடு சேர்த்து வைத்திருங்கள்.