வாசகர் கேள்வி – பதில்: பழைய பேஸ்போல் மைதானங்கள்

கேள்வி: பேஸ்போல் பார்க்கும் எங்கள் நண்பர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். பொஸ்டனின் ஃபென்வே பார்க்தான் ஆகப் பழையது என்கிறார் ஒருவர். சிக்காகோவின் ரிக்லி ஃபீல்டுக்குத்தான் வரலாற்றுப் பெருமை என்கிறார் மற்றவர். எது சரி?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: வயதுதான் கணக்கென்றால் இரண்டுமே இல்லை. அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரிலுள்ள ரிக்வுட் ஃபீல்ட் 1910 ஓகஸ்ட் 18இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்போல் மைதானங்களில் அதுவே மூத்தது. ஃபென்வே 1912 ஏப்ரல் 20, ரிக்லி 1914 ஏப்ரல் 23. மேஜர் லீக் எனப்படும் அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியில் இப்போதுள்ள அணிகளின் சொந்த மைதானங்களை மட்டும் எடுத்தால் ஃபென்வே முதலாவது.

ஆனால் வயதோடு விவாதத்தை முடித்துவிடாதீர்கள். அந்த இடத்தின் அமைப்பு ஆட்டத்தை மாற்றியதா, அந்த அமைப்பு இன்னும் ஆட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கிரிக்கெட்டில் எல்லைக் கயிற்றை ஆட்டத்துக்கு ஆட்டம் உள்ளே இழுக்கலாம், வெளியே தள்ளலாம். பேஸ்போலில் எல்லை மதில்தான். அடித்த பந்து மதிலைத் தாண்டினால் ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்ஸர் போல. மதில் நிற்கும் தூரமும் உயரமும் மாறினால் ஹோம் ரன்களின் எண்ணிக்கையே மாறிவிடும். அதனால்தான் பழைய மதில் ஒன்றை இடிப்பதென்றால் ரசிகர்கள் அவ்வளவு கொதிக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

சமூக வரலாற்றைப் பார்த்தால் என் தெரிவு ரிக்வுட். இன ஒதுக்கல் காலத்தில் வெள்ளையரின் பரன்ஸ் அணியும் கறுப்பினத்தவரின் பிளாக் பரன்ஸ் அணியும் அங்கேதான் ஆடின. பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான வில்லி மேஸ், 1948இல் பதின்ம வயதில் பிளாக் பரன்ஸுக்காக அங்கு ஆடினார். 2024 ஜூன் 20இல் அங்கே மேஜர் லீக் ஆட்டம் நடந்தபோது அவர் காலமாகி இரண்டே நாள் ஆகியிருந்தது.

கேள்வி: ஃபென்வேயின் இடப்பக்க மதில் வீட்டுக் கூரையை விட உயரம் என்கிறார்களே, அது குறைபாடு இல்லையா?
– வாசகி, கல்முனை

பதில்: இடப்பக்கக் கோட்டில், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து மதிலுக்கு 310 அடி, அதாவது ஏறக்குறைய 94.5 மீற்றர். மதிலுக்குப் பின்னால் தெரு ஓடுவதால் தள்ளிக் கட்ட இடமில்லை. தூரக் குறைவை உயரத்தால் ஈடுசெய்ததுபோல் மதில் 37 அடிக்கு மேல் நிற்கிறது.

இதன் விளைவு விசித்திரமானது. வேறிடத்தில் எளிதாகப் பிடிபடும் உயரப் பந்து இங்கே மதிலைத் தாண்டி ஹோம் ரன் ஆகிறது. வேறிடத்தில் ஹோம் ரன் ஆகக்கூடிய தாழ்வான வேகப் பந்து இங்கே மதிலில் மோதித் திரும்பி வருகிறது. இடப்பக்கக் காவலர் மதிலை ஒட்டி ஓடினால் பந்து தலைக்கு மேலாகத் திரும்பிப்போய் அடித்தவருக்கு இன்னொரு பேஸ் (ஓடிச் சேரவேண்டிய நிலை) கிடைத்துவிடும். மோதித் திரும்பும் தூரத்தைக் கணித்து ஓரிரு அடி பின்வாங்கி நிற்கக் கற்றவரே அங்கு தேறுவார். மதிலின் அடியிலுள்ள புள்ளிப் பலகையில் இலக்கங்களைக் கையால் மாற்றுகிறார்கள். மதிலில் பொருத்திய ஏணியும் இன்னும் இருக்கிறது. பந்து அதில் பட்டால் எங்கே திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது.

1958 ஜூன் 1க்குப் பின் கட்டப்படும் மைதானங்களில் இரு ஓரக் கோடுகளும் 325 அடிக்கும் நடுப்பகுதி 400 அடிக்கும் குறையக்கூடாது என்று விதி வந்தது. விலக்குகள் வழங்கப்பட்டாலும், ஃபென்வேயைப் போல ஒன்றை இன்று விதிப்படி புதிதாகக் கட்ட முடியாது. குறைபாடு என்று நீங்கள் சொல்வதையே நான் அதன் பெறுமதி என்பேன்.

கேள்வி: ரிக்லியில் மதிலில் படர்ந்திருக்கும் ஐவி கொடிக்குள் பந்து மாட்டிக்கொண்டால் என்ன முடிவு?
– மாணவர், அக்கரைப்பற்று

பதில்: அடித்தவருக்கு இரண்டு பேஸ். காவலர் பந்தைத் தொடாமல் இரு கைகளையும் உயர்த்தி நடுவருக்குக் காட்டவேண்டும். கையை விட்டுத் துழாவினால் ஆட்டம் தொடர்வதாகவே கொள்ளப்படும். கொடி நடப்பட்டது 1937இல். ஏப்ரலில் குளிர் விட்டிராததால் இலை இருக்காது. அப்போது பந்து செங்கல்லில் பட்டுத் திரும்பும்.

கேள்வி: இடிக்கப்பட்ட மைதானத்துக்கு வரலாற்று மதிப்பு உண்டா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: உண்டு, அதன் அளவுகள் தெரிந்திருக்கும்வரை. நியூயோர்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் 1964இல் இடிக்கப்பட்டது. அதன் வலப்பக்கக் கோடு 258 அடிதான், நடுப்பகுதியோ 483 அடி. 1954 இறுதித் தொடரில் வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த பந்தின் அருமை இந்த இலக்கம் தெரிந்தால்தான் புரியும். வேறு பல மைதானங்களில் அது ஹோம் ரன்.

கேள்வி: எங்கள் வெபர் மைதானம்போல உள்ளூர்ப் பழைய மைதானங்களைத் திருத்துமுன் எதைப் பதிவு செய்யவேண்டும்?
– விளையாட்டுக் கழகத்தினர், மட்டக்களப்பு

பதில்: நல்ல கேள்வி. நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்றிய யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர் பலகையில் நிலைத்துவிட்டது. இடத்தின் அளவுகளையும் அப்படி நிலைக்கச் செய்யவேண்டும்.

அசையாத இரண்டு புள்ளிகளைத் தெரிவுசெய்யுங்கள்: பார்வையாளர் மண்டபத்தின் மூலைக்கல், கொங்கிறீற்றுத் தூணின் அடி என்பதுபோல. அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை முதலில் எழுதி, பிறகு மதில் மூலை, வாயில், கொடிக்கம்பம் ஒவ்வொன்றுக்கும் இரு புள்ளிகளிலிருந்தும் அளவெடுங்கள். இரு நாடாக்களும் சந்திக்கும் கோணம் 30 பாகைக்குக் குறைந்தால் சிறு பிழையும் படத்தில் பெரிதாகிவிடும். அப்போது வேறு புள்ளி வேண்டும். துணிநாடா இழுபடும், உருக்குநாடாவே நல்லது.

தேய்ந்த கல்வெட்டைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுத்தால் எழுத்தின் நிழல் விழுந்து வாசிக்கலாம். கம்பித் தூரிகை, அமிலம் இரண்டும் வேண்டாம், எழுத்து உதிர்ந்துபோகும். மாரியில் முதல் பெருமழை விட்டதும் தண்ணீர் தேங்கும் இடங்களையும் படமெடுங்கள். மண் நிரப்பியபின் பழைய மட்டத்தை வேறெப்படியும் அறியமுடியாது.