சராசரி மதிப்பெண் மறைப்பதைத் தேடுங்கள்

ஐ.நா.வின் மின்னாளுமை வளர்ச்சிக் குறியீட்டை மட்டும் வைத்து ஒரு வளரும் நாட்டின் மின்னாளுமைத் தயார்நிலையை (அரசுச் சேவைகளை இணையவழி தரும் திறனை) மதிப்பிட்டதாகவும், 'இது போதாது' என்று நெறியாளர் ஆய்வேட்டைத் திருப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அவர் சொல்வது சரி.

அந்தக் குறியீடு இணையச் சேவை, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனித வளம் ஆகிய மூன்றின் சராசரி. கல்வியில் தேறிய நாடு, உருப்படியான இணையச் சேவை ஒன்றுகூட இல்லாமலே நடுத்தர மதிப்பெண் வாங்கிவிடலாம். முதலில் மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள்.

அடுத்து, ஒரே ஒரு சேவையைக் கடைசிவரை பின்தொடருங்கள். பிறப்புச் சான்றிதழ் போதும். விண்ணப்பம் இணையத்தில் வந்த பிறகு யாராவது அதை அச்செடுத்துக் கோப்பில் கட்டுகிறாரா? (பல இடங்களில் கட்டுவார்கள்.) மின்கையொப்பம் சட்டப்படி செல்லுமா? ஒரு துறையின் பதிவேட்டை இன்னொரு துறை பார்க்க முடியுமா? எஸ்டோனியா 2001இலேயே எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியது. அந்நாட்டு மின்னாளுமையின் பலம் அழகான இணையதளங்களில் அல்ல, துறைகளுக்கிடையே தரவு பாயும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன்.

அரசு நிர்வாகத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்று பார்க்கும் உலக வங்கியின் கவ்டெக் (GovTech) முதிர்ச்சிக் குறியீட்டையும் சேர்க்கலாம். ஆனால் 2022 பதிப்பில் பெரும்பாலான நாடுகளின் விவரங்களை அந்தந்த அரசு அதிகாரிகளே நிரப்பித் தந்தார்கள். அதைக் குறிப்பிடாமல் விடாதீர்கள்.

பகுப்பாய்வுக்கு ஒரு சட்டகம் வேண்டுமென்றால், மின்னாளுமை ஆய்வாளர் ரிச்சர்ட் ஹீக்ஸின் 'வடிவமைப்பு–நடைமுறை இடைவெளி' உங்களுக்குப் பொருந்தும். தகவல், தொழில்நுட்பம், பணியாளர் திறன் உட்பட ஏழு கூறுகளிலும் திட்டம் எதிர்பார்ப்பதற்கும் களத்தில் இருப்பதற்கும் உள்ள தூரத்தை அது அளக்கிறது.