எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்

கேள்வி: திருச்சியில் முதுகலை படிக்கிறேன். மாணவர்களாகச் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். இந்த மாதம் எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸின் 'சில்ட்ரன் ஆஃப் தி ஆலி' நாவல். வட்டத்தில் நான் ஒருத்திதான் முஸ்லிம். எதற்கெடுத்தாலும் "உங்க மார்க்கத்துல இதுக்கு என்ன சொல்வாங்க?" என்று என்னைக் கேட்கிறார்கள். சில பக்கங்கள் எனக்கு உண்மையாகவே வலித்தன. சொன்னால் பிற்போக்கு என்பார்கள், சொல்லாமல் இருந்தால் மனசு உறுத்துகிறது. இதைப் படிப்பதே பாவம் என்கிறார் அண்ணன். அடுத்த மாதம் சல்மான் ருஷ்டி என்று வேறு பேச்சு அடிபடுகிறது. விலகிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விலக வேண்டாம். ஆனால் மார்க்கத்தின் சார்பில் பதில் சொல்லும் வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள். கதை பேசத்தானே போனீர்கள், ஃபத்வா கொடுக்கவா?

உங்கள் வலியில் தப்பே இல்லை. கெய்ரோவில் ஒரு தெரு, அங்கே பெரிய வீட்டை விட்டு வெளியே வராத மூதாதை கபலாவி. அவர் மகன் அத்ஹம் ஆதம் நபியை நினைவூட்டுகிறான். பின்னால் வரும் கபல் மூசா நபியை, ரிஃபாஆ ஈசா நபியை, காசிம் முஹம்மது நபியை. கடைசியில் வரும் மாயவித்தைக்காரன் அரஃபாவை அறிவியலின் உருவமாகப் படிப்பவர்கள் அதிகம். அவன் அந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்ததன் விளைவாகக் கபலாவி இறந்துபோகிறார். அத்தியாயங்கள் 114, குர்ஆனின் சூராக்களும் 114. நபிமார்களைப் படமாக வரைவதைக்கூட ஏற்காத மரபில் வளர்ந்தவர், அவர்களை ஒத்தவர்கள் ரவுடிகளும் போதையும் மலிந்த தெருவில் நடமாடுவதைச் சும்மா புரட்டிவிட்டுப் போக முடியுமா? "இந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, காரணம் இது" என்று சொல்லுங்கள். ஒரு நாவலைப் பற்றி இதைவிட நேர்மையாக என்ன பேசிவிட முடியும்? அதைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு வாசகர் வட்டம் எதற்கு?

இன்னொன்றையும் கவனித்தீர்களா? ரிஃபாஆவின் கதை கிறிஸ்தவர்களையும் தொடுகிறது. திருச்சி வட்டத்தில் கிறிஸ்தவ மாணவர் ஒருவராவது இருப்பார். அந்த அத்தியாயங்களின்போது அவர் முகத்தை யாராவது பார்த்தார்களா? அடுத்த கூட்டத்தில் சிரித்துக்கொண்டே இதைக் கேட்டுவையுங்கள். கூட்டத்துக்கு முன்பே, ஒருங்கிணைப்பவரிடம் தனியாக, "ஒரு கேள்வியை என்னிடம் கேட்டால் அதையே எல்லோரிடமும் கேட்க வேண்டும்" என்றும் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது. அவரிடம் எழுத்துச் சுதந்திரம் என்று ஆரம்பிக்காதீர்கள், எடுபடாது. இந்த நாவலின் வரலாற்றைச் சொல்லுங்கள். 1959இல் அல்-அஹ்ராம் நாளிதழில் தொடராக வந்தபோதே கெய்ரோவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகமான அல்-அஸ்ஹரின் அறிஞர்கள் எதிர்த்தார்கள். தொடர் முடிந்தது, ஆனால் அப்போது எகிப்தில் நூலாகவில்லை. 1967இல் பெய்ரூட்டில்தான் அச்சானது. மஹ்ஃபூஸும் அல்-அஸ்ஹரை மீறி எகிப்தில் பதிப்பிக்கத் துடிக்கவில்லை. 1988இல் நோபல் பரிசு. 1994இல், எண்பதைத் தாண்டிய வயதில், அவரைக் கழுத்தில் கத்தியால் குத்தினார்கள். உயிர் தப்பினார், எழுதும் கைதான் பழையபடி ஆகவில்லை. குத்தியவர் அந்த நாவலைப் படித்திருக்கவே இல்லை. தொடர் வந்த காலத்தில் அதை எதிர்த்தவர்களில் ஒருவர் எகிப்திய மார்க்க அறிஞர் ஷேக் முஹம்மது அல்-கஸாலி. அவர் தாக்குதலைக் கண்டித்தார், மருத்துவமனைக்கே போய் மஹ்ஃபூஸைப் பார்த்தார். நாவல் தவறு என்ற கருத்தை வைத்துக்கொண்டே ஓர் ஆலிம் இப்படி நடந்துகொள்ள முடிந்தது. அண்ணன் யோசிக்கட்டும். உடனே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சரி, ருஷ்டி. 'தி சாத்தானிக் வெர்ஸஸ்' நாவலை இறக்குமதி செய்ய இந்தியா 1988இல் தடை போட்டது. அந்த ஆணையை யாராலும் எடுத்துக் காட்ட முடியாததால், அப்படி ஒன்று இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது என 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது (நம் அலுவலகங்களில் கோப்புகள் இருக்கும் லட்சணத்துக்கு இது ஒன்றும் அதிசயமில்லை). ஆக, படிக்கக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரே முஸ்லிம் மாணவி உள்ள வட்டத்தில் அடுத்தடுத்து இந்த இரண்டு நாவல்களையே எடுப்பது எனக்கு வாசிப்பாகத் தெரியவில்லை, சீண்டலாகத்தான் தெரிகிறது. நடுவில் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை வைக்கச் சொல்லுங்கள். அதிலும் மதத்தின் பேரில் ஏய்ப்பவர்கள் வருகிறார்கள், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வரவிடாமல் தடுக்கும் முதலாளி வருகிறார். விமர்சனத்தில் குறைவே இல்லை. ஆனால் அந்த ஊரின் பேச்சும் உறவும் தெரிந்தவர் எழுதியது. அதைப் படித்தால், "முஸ்லிம்கள் என்ன நினைப்பார்கள்?" என்று ஒருவரிடம் கேட்டுவிட முடியாது என்பது உங்கள் நண்பர்களுக்குத் தானாகவே புரியும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மஹ்ஃபூஸ் நாவலுக்கு பிலிப் ஸ்டீவர்ட், பீட்டர் தெரூ என்று இரண்டு பேருடைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு பேசினால் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும். எல்லோரும் ஒரே பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.